ஊசிக்கு முந்திய நிமிடம்

“குழாயை வெளிய எடுங்க! முதல்ல எடுங்க சார்!”

கதவை முழங்கையால் இடித்துத் திறந்துகொண்டு பாய்ந்த மயக்க டாக்டர், சொல்லி முடிப்பதற்குள் கட்டிலின் தலைமாட்டில் இருந்தாள். இடதுபுறமாக ஒருக்களித்துக் கிடந்த மனிதரைத் தோளைப் பிடித்து மல்லாக்கப் புரட்டினாள். உதடு கத்தரிப்பூ நிறத்துக்குப் போயிருந்தது. நெஞ்சு அசையவில்லை. விரலில் மாட்டிய கருவியின் ஓசை துடிப்புக்குத் துடிப்பு ஒரு படி கீழே இறங்கிக்கொண்டிருந்தது. இருபத்திரண்டு வருஷமாக அந்த ஓசையோடு குடித்தனம் நடத்துகிறவள் அவள். திரையைப் பார்க்காமலே எண் சொல்வாள். ஐம்பத்தெட்டு. தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்க வேண்டிய பிராணவாயு, ஐம்பத்தெட்டு.

இரண்டு கைகளாலும் தாடையின் மூலைகளைப் பிடித்து மேலே தூக்கினாள். பின்னால் சரிந்து தொண்டையை அடைத்திருந்த நாக்கு விலகியது. வழி திறந்தும் மூச்சு வரவில்லை. முகமூடியை அழுத்தி வைத்து, பலூன் பையைப் பிழிந்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. நெஞ்சு அவள் கைக்குக் கட்டுப்பட்டு ஏறி இறங்கியது.

“எவ்வளவு போட்டீங்க?”

குடல் டாக்டர் ஒரு மீட்டர் நீளக் கருங்குழாயைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு, பாம்பைப் பிடித்துவிட்டு எங்கே விடுவதென்று தெரியாதவர் மாதிரி நின்றிருந்தார்.

“சார், உங்களைத்தான். மிடசோலம் எவ்வளவு?”

“வழக்கம்போல ரெண்டுதான் மேடம்.”

“ரெண்டுன்னா? ரெண்டு என்ன?”

“ரெண்டுன்னா... ரெண்டு.”

பல்லைக் கடித்துக்கொண்டு சிஸ்டர் பக்கம் திரும்பினாள். சற்று முன்பு பக்கத்து ஆபரேஷன் தியேட்டர் வாசலில் வந்து நின்று “மேடம், மேடம்” என்று அலறி இவளை இழுத்து வந்தது அந்த சிஸ்டர்தான்.

“மாத்து மருந்து எங்க சிஸ்டர்? ஃப்ளூமசெனில்?”

“இந்த ரூம்ல இல்ல மேடம். தியேட்டர் அலமாரியில...”

“ஓடுங்க!”

தினமும் பத்துப் பேரைத் தூங்க வைக்கிற அறை. எழுப்புகிற மருந்து மட்டும் நாற்பதடி தள்ளி, பூட்டிய அலமாரிக்குள். தீயை வீட்டில் வைத்துவிட்டுத் தண்ணீரைப் பக்கத்துத் தெருவில் வைக்கிற புத்திசாலித்தனத்தை என்னவென்று சொல்வது! அவள் பையைப் பிழிந்தபடியே இருந்தாள். ஓசை மெல்ல மெல்ல மேலே ஏறியது. எழுபது. எழுபத்தொன்பது. எண்பத்தெட்டு.

சிஸ்டர் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

“பூஜ்யம் புள்ளி ரெண்டு மில்லிகிராம். மெதுவாப் போடுங்க. சத்தமாச் சொல்லிட்டுப் போடுங்க.”

“பூஜ்யம் புள்ளி ரெண்டு மில்லிகிராம், மேடம்.”

ஒரு நிமிடம். அசைவில்லை. இன்னொரு பூஜ்யம் புள்ளி ஒன்று. மறுபடி ஒரு நிமிடம். இன்னொன்று. அந்த மனிதரின் புருவம் முதலில் சுருங்கியது. பிறகு இருமினார். பிறகு, ‘யாரடா என் முகத்தை அமுக்குவது’ என்கிற கோபத்தோடு கையை உயர்த்தி முகமூடியைத் தள்ளினார்.

அத்தனை அழகான கோபத்தை மயக்க டாக்டர் அந்த வருஷத்தில் பார்த்ததில்லை.

“நல்லா இழுத்து மூச்சு விடுங்கய்யா. ஆங், அப்படித்தான். திட்டணும்னா அப்புறம் திட்டிக்கலாம்.”

ஓசை தொண்ணூற்றேழில் போய் நின்றது. அப்போதுதான் அவள் கண் ஊசித் தட்டின் மேல் விழுந்தது. காலியான சிரிஞ்சு. பக்கத்தில் நீல மூடி போட்ட சின்னக் கண்ணாடிக் குப்பி. எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

தூக்க மருந்தான மிடசோலம் இரண்டு தினுசாக வருகிறது. நீர்த்தது, ஒரு மில்லியில் ஒரு மில்லிகிராம். கெட்டியானது, ஒரு மில்லியில் ஐந்து. கெட்டி மருந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு. அங்கே அதைச் சலைனில் கலந்து சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கிற இந்த அறைக்கு நீர்த்ததுதான். அதிலும் இரண்டு மில்லிகிராம் போட்டுவிட்டு, இரண்டு மூன்று நிமிடம் காத்திருந்து, போதாவிட்டால் இன்னும் ஒன்று. காத்திருப்பதுதான் மருந்தில் பாதி. கையிலிருந்த குப்பி கெட்டி. இந்த அறையின் பாஷையில் “ரெண்டு” என்றால் இரண்டு மில்லி. ஆக, பத்து மில்லிகிராம் ஒரே தள்ளில் உள்ளே போயிருக்கிறது.

மில்லியில் சொல்லாதீர்கள், மில்லிகிராமில் சொல்லுங்கள் என்று அவள் மூன்று கடிதம் எழுதியிருந்தாள். மூன்றும் எந்தக் குப்பையில் உறங்குகின்றனவோ, அதற்கு மாற்று மருந்தும் கிடையாது.

“சார், இந்தக் குப்பி இங்க எப்படி வந்துச்சு?”

குடல் டாக்டர் அதற்குள் கையுறையைக் கழற்றிவிட்டிருந்தார். முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. கூடவே பழைய மிடுக்கும்.

“சிஸ்டர் மாத்தி எடுத்துட்டாங்க போல. விடுங்க மேடம், மூச்சுதான் வந்துடுச்சே.”

“வரலைன்னா?”

“வந்துடுச்சுல்ல?” அவர் குரலைத் தாழ்த்திச் சிரித்தார். “அவருக்கு ஒண்ணும் ஞாபகமே இருக்காது மேடம். அதுதானே இந்த மருந்தோட விசேஷம். மூவாயிரம் பேருக்குப் பாத்திருக்கேன், ஒருத்தருக்காவது குழாய் போனது தெரிஞ்சிருக்கா? ஊமை கண்ட கனவு. அவராலேயே சொல்ல முடியாது, நாம ஏன் சொல்லணும்?”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த மறதியை அவளும்தான் தினமும் கொடுக்கிறாள். பயந்து நடுங்கி வருகிறவர்களுக்கு அதைவிடப் பெரிய கருணை இல்லை. எல்லாம் முடிந்து வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது, “எப்ப டாக்டர் ஆரம்பிப்பீங்க?” என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகவே அவள் இந்த வேலையை விடாமல் செய்கிறாள். நோயாளி வலியை மறக்கக் கொடுத்த மருந்தை, டாக்டர் தப்பை மறைக்கத் துடைப்பமாக்கினால்?

“மறந்துபோறது அவருக்காக சார். உங்களுக்காக இல்ல.”

“சரி சரி. மயக்கம்மாவுக்குக் கோவம் வந்தாச்சு” என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த நோயாளியைப் பற்றி விசாரிக்கப் போனார். தியேட்டர் ஆட்கள் பிரியமாக வைத்த பெயர் அது. அவர் வாயில் மட்டும் அது கிண்டலாகிவிடும்.

அவளால் அவர் பின்னால் போய்ச் சண்டை போட முடியவில்லை. மாற்று மருந்து அவசரக்காரன். வந்த வேகத்தில் போய்விடும். மிடசோலம் ஆற அமர இருந்துவிட்டுப் போகிற விருந்தாளி. எழுந்து உட்கார்ந்தவர் முக்கால் மணி நேரத்தில் மறுபடி தூக்கத்தில் விழுந்து மூச்சை மறக்கலாம். தன் அடுத்த கேஸைச் சக டாக்டரிடம் ஒப்படைத்துவிட்டு, அவரோடு மீட்பு அறைக்கு வந்து கட்டில் பக்கத்தில் நாற்காலியைப் போட்டாள்.

வெளியே அவர் மனைவி நின்றிருந்தாள். கையில் கணவரின் செருப்பு, கண்ணாடி, பல்செட் வைத்த டப்பா.

“பிரஷர் கொஞ்சம் இறங்கிச்சாமே டாக்டரம்மா? மேனேஜர் வந்து சொன்னாரு. பயப்பட ஒண்ணுமில்லையாம்.”

மேனேஜருக்கு அதற்குள் செய்தி போயாகிவிட்டது! பொய்க்குக் கால் இல்லை என்பார்கள். இந்த ஆஸ்பத்திரியில் அதற்கு லிப்ட் இருக்கிறது.

“பிரஷர் இல்லம்மா. மூச்சு நின்னுபோச்சு. மருந்து அளவுக்கு மீறிப் போயிடுச்சு. திருப்பி மூச்சைக் கொண்டுவந்துட்டோம். இப்ப நல்லா இருக்கார். ஆனா ரெண்டு மணி நேரம் நான் பக்கத்துல இருக்கணும்.”

அந்தம்மா அழவில்லை. டப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“மீறுனது யாரு?”

“அதைத்தான் நானும் தேடுறேன்.”

“வயித்துல எரிச்சல்னு வந்த மனுஷன் டாக்டரம்மா. நடந்து வந்தாரு.”

அவள் அந்தம்மாவை உள்ளே அழைத்துவந்து கட்டில் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

பதினொன்றரை மணிக்கு அவருக்கு மறுபடி கொஞ்சம் கண் சொருகியது. தோளைத் தட்டி, இன்னொரு சிறு ஊசி போட்டு எழுப்பினாள். அதன் பிறகு சொருகவில்லை. பன்னிரண்டரைக்கு மனைவியிடம் பல்செட்டைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டார்.

ஒரு மணிக்கு மேனேஜர் ஒரு தாளோடு வந்தார். கழுத்துப்பட்டை, சட்டைப் பை நிறையப் பேனா, நாக்கு நிறையத் தேன்.

“ஒரு சின்ன ரிப்போர்ட் மேடம். நீங்க சாட்சிக் கையெழுத்து போட்டா முடிஞ்சுது.”

வாசித்தாள். ‘பணியில் இருந்த செவிலியர், மருத்துவரிடம் கேட்காமல், தன்னிச்சையாகத் தவறான மருந்தை எடுத்துச் செலுத்தியதால்...’ அடியில் குடல் டாக்டரின் கையெழுத்து, மூன்று சுழியோடு, கல்யாணப் பத்திரிகை மாதிரி.

“கேக்காமன்னு யார் சொன்னது?”

“டாக்டர் சொன்னார்.”

“சிஸ்டர் என்ன சொன்னாங்க?”

“அவங்க ஒண்ணும் சொல்லல மேடம். ‘நான்தான் போட்டேன்’னு ஒத்துக்கிட்டாங்க.”

தாளை மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள். கட்டில் பக்கம் வேறொரு டாக்டரை உட்கார வைத்துவிட்டு, மருந்து அறைக்குப் போனாள். சிஸ்டர் அங்கே நின்றுகொண்டு, ஏற்கெனவே சரியாக இருந்த குப்பிகளைத் திரும்பத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயது. ஆறு வருஷ சர்வீஸ். ஒரு லேபிளைக்கூடத் தலைகீழாக வைக்காத கை.

“சிஸ்டர், ஊசி போடறதுக்கு முன்னாடி அந்த ரூம்ல என்ன நடந்துச்சு?”

“நான்தான் போட்டேன் மேடம்.”

“போட்டது நீங்கன்னு தெரியும். அதுக்கு முன்னாடி?”

சிஸ்டர் அடுக்குவதை நிறுத்தவில்லை.

“என் சர்டிபிகேட் ஒரிஜினல் அத்தனையும் ஆபீஸ் அலமாரியில இருக்கு மேடம். சேர்ந்த அன்னிக்கு வாங்கி வச்சாங்க. கேட்டா இன்னிக்கு நாளைக்குன்னுவாங்க. ‘மருந்து மாத்திப் போட்டவ’ன்னு ஒரு தாள் போனாலே எனக்கு வேற எங்கயும் வேலை கிடையாது. அதோட ‘டாக்டர் மேல பழி போட்டவ’ன்னு இன்னொரு தாளும் போகணுமா?”

“உண்மையைச் சொன்னா அது பழியா?”

“யார் நம்புவாங்க? அந்த ரூம்ல இருந்தது மூணே பேரு. ஒருத்தர் டாக்டர். ஒருத்தி நான். ஒருத்தர் தூங்கிட்டார்.” இன்னொரு குப்பியை நேராக்கினாள். “விடுங்க மேடம். எனக்காக நீங்க கெட்ட பேர் வாங்காதீங்க.”

எய்தவன் இருக்க அம்பை நோகிறார்கள் என்றால், இங்கே அம்பே தன்னை நொந்துகொண்டு நிற்கிறது! மருந்து அறையை விட்டு வெளியே வந்தபோது அவளுக்குக் காது மடல் சுட்டது. கையெழுத்துப் போடாமல் இருந்துவிடலாம். அதனால் என்ன ஆகும்? வேறு யாராவது போடுவார்கள். சிஸ்டரின் பிழைப்பு போகும். நாளைக் காலை அதே அறையில் வேறொரு சிஸ்டர், வேறொரு வயிறு, அதே “ரெண்டு”.

மூன்றே பேர். ஒருவர் தூங்கிவிட்டார்.

தாழ்வாரத்தின் நடுவில் அவள் கால் நின்றது.

எப்போது தூங்கினார்?

இந்த மருந்தின் மறதி முன்னோக்கி மட்டும்தான் ஓடும். ஊசி ஏறியதற்குப் பிறகு நடப்பதை அது பதியவிடாது. ஏறுவதற்கு முன்பு பதிந்ததை அழிக்க அதற்குத் துப்பில்லை. படித்த காலத்தில் பரீட்சையில் எழுதிய ஒரு வரி. குடல் டாக்டரும் எழுதியிருப்பார், மறந்திருப்பார். மூவாயிரம் பேரிடம் அவர் கேட்டதெல்லாம் ‘குழாய் போனது தெரிஞ்சுதா’ என்ற ஒரே கேள்வி. குழாய்க்கு முன்னால் என்ன கேட்டது என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. கட்டிலில் படுத்தவுடனேயே மனிதர் மரக்கட்டையாகிவிட்டதாக நினைத்து, அவர் தலைக்கு மேலேயே எதை வேண்டுமானாலும் பேசுகிற பழக்கம் அந்த அறைக்கு.

மீட்பு அறைக்குத் திரும்பினால், அவளுக்கு முன்னால் மேனேஜரும் குடல் டாக்டரும் அங்கே நின்றிருந்தார்கள்.

“நல்ல நேரத்துல வந்தீங்க மேடம்” என்றார் மேனேஜர். “நோயாளிகிட்டயும் ஒரு வரி வாங்கிக்கலாம்னு டாக்டர் ஐடியா. ‘எனக்கு எதுவும் ஞாபகம் இல்லை, புகாரும் இல்லை’ன்னு. ஃபைல் சுத்தமாயிடும்.”

“மயக்கத்துல இருந்து எழுந்தவர்கிட்ட ஒரு நாளைக்குக் கையெழுத்து வாங்கக் கூடாது. அது உங்க ஃபாரத்திலயே அச்சடிச்சிருக்கு.”

“கையெழுத்து நாளைக்கு வாங்கிக்கறோம். இன்னிக்கு வாய்வார்த்தையா...”

“தாராளமாக் கேளுங்க” என்றாள் மயக்க டாக்டர். அவள் இவ்வளவு சீக்கிரம் இறங்கி வருவாள் என்று எதிர்பார்க்காத குடல் டாக்டர் ஒரு தரம் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் கதவுக்கு வெளியே எட்டி, தாழ்வாரத்தில் போன சிஸ்டரைக் கைகாட்டி உள்ளே கூப்பிட்டுக்கொண்டாள்.

குடல் டாக்டர் கட்டிலோரம் போய்ப் புன்னகைத்தார். “என்ன சார், எப்படி இருக்கீங்க? வயித்துக்குள்ள குழாய் விட்டோமே, ஏதாவது தெரிஞ்சுதா?”

“ஒண்ணுமே தெரியலீங்க. சுத்தம்.”

“மேடம் வந்தது, முகத்துல மாஸ்க் வச்சது?”

“அப்படியா? எனக்குத் தெரியாதே.”

“பாத்தீங்களா?” என்று மேனேஜர் பக்கம் திரும்பினார் குடல் டாக்டர். “எழுதிக்குங்க. ஞாபகம் இல்லை.”

“ஒரு நிமிஷம்” என்றாள் மயக்க டாக்டர். கட்டிலுக்கு மறுபக்கம் போய் நின்றாள். “அய்யா, ஊசி போடறதுக்கு முன்னாடி நடந்தது ஏதாவது ஞாபகம் இருக்கா? தெரிஞ்சதை மட்டும் சொல்லுங்க. தெரியாததைத் தெரியலைன்னு சொல்லுங்க.”

“அதெப்படி மறக்கும்? தொண்டையில கசப்பா ஒரு ஸ்பிரே அடிச்சாங்க. நாக்கு மரத்துப்போச்சு. அப்புறம் வாய்க்குள்ள பிளாஸ்டிக் வளையம் ஒண்ணை மாட்டி, சாஞ்சு படுங்கன்னாங்க.”

குடல் டாக்டரின் புன்னகை அப்படியே இருந்தது. கண்கள் மட்டும் அதிலிருந்து கழன்றுகொண்டன. “மேடம், அவருக்கு இன்னும் மருந்து தெளியல. இப்ப சொல்றதெல்லாம்...”

“இப்பத்தானே சார் ‘எழுதிக்குங்க’ன்னீங்க? அப்பத் தெளிஞ்சிருந்தவர் அரை நிமிஷத்துல மறுபடி மயங்கிட்டாரா?”

“சொல்லவிடுங்க” என்றாள் மனைவி. அந்தம்மா கட்டிலின் கால்மாட்டிலிருந்து முன்னால் வந்தாள். “என்னங்க, நீங்க சொல்லுங்க.”

அந்த மனிதர் தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்கு உண்மையிலேயே ஒரு குறை இருந்தது.

“எனக்கு ஒரே ஒரு வருத்தம்தாங்க. நான் முப்பது வருஷமா லாரி எடைமேடையில உக்காந்து எடை போடறவன். இந்த டாக்டர் சார் என்னைப் பாத்து ‘எண்பது கிலோ ஆள், தாங்குவான்’னு சொன்னாரு. நான் எழுபத்தொண்ணு. யாரும் என்னை எடையே போடல. ‘எழுபத்தொண்ணுங்க’ன்னு சொல்லலாம்னு பாத்தா வாயில வளையம். கையை ஆட்டினேன். யாரும் கவனிக்கல.”

“தாங்குவான்னு எதுக்குச் சொன்னார்?” மயக்க டாக்டரின் குரல் அவளுக்கே கேட்காத அளவுக்கு மெல்லியதாக இருந்தது.

“இந்தப் பொண்ணு கேட்டுச்சே, அதுக்கு.” அவர் கதவோரம் நின்ற சிஸ்டரைக் கைகாட்டினார். “பாட்டிலைக் கையில வச்சிக்கிட்டு, ‘சார், இது பழைய மருந்து இல்ல, அஞ்சு மடங்கு கெட்டி, மேடத்தைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டுக்கட்டுமா’ன்னுச்சு.”

சிஸ்டர் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். மேனேஜரின் பேனா காகிதத்துக்கு மேல் நின்றது. குடல் டாக்டர் வாசல் பக்கம் ஓரடி எடுத்து வைத்தார். வாசலில் சிஸ்டர் நின்றாள், அவள் நகரவில்லை.

“அதுக்கு சார் என்ன சொன்னார்?”

“‘அந்தம்மா வந்தா அளவு அளவுன்னு அரை மணி நேரத்தை ஓட்டும்’னாரு. ‘பழைய மருந்துல எவனும் சீக்கிரம் அடங்க மாட்டேங்குறான். அஞ்சு மடங்குன்னு தெரிஞ்சுதான் ஸ்டோர்ல நானே கேட்டு வாங்கி வச்சிருக்கேன், நீ போடு’ன்னாரு.”